துருவத்து டயாட்டம்களும் நம் குளத்துப் பாசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

துருவப் பகுதியின் ஏதோ ஓர் ஏரியிலோ ஓடையிலோ நன்னீர் டயாட்டத்தில் புதிய இனம் கண்டறியப்பட்டது என்னும் செய்திகள் நாளிதழ்களின் அறிவியல் பகுதியில் அவ்வப்போது நான்கு வரிகளில் வெளியாகின்றன. உறைபனிக்கு நடுவிலும் உயிர் இருக்கிறதே என்று வியந்துவிட்டு வாசகர்கள் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார்கள். அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் நடக்கும் வேலை என்ன, அதை ஏன் அவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள், அதே வேலை கன்னியாகுமரி மாவட்டத்தின் குளங்களுக்கும் ஆறுகளுக்கும் ஏன் தேவைப்படுகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கல்லூரியில் பாசியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன். தங்களால் இயன்ற அளவுக்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டயாட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவினது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. பழையாற்றுப் படித்துறையில் இறங்கும்போது காலை வழுக்கிவிடும் பழுப்பு நிறப் படலம் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இவைதாம். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டம்களால் நிகழ்கிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. மற்றப் பாசிகளிலிருந்து இவற்றை வேறுபடுத்துவது இவற்றின் ஓடு. கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஆன அந்த ஓடு, மூடியும் அடிப்பாகமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் டப்பாவைப் போன்றது. செல் இறந்த பிறகும் ஓடு அழியாமல் சேற்றில் படிந்து கிடக்கும். அதன் மீதுள்ள வரிகள், துளைகள், நடுவில் ஓடும் பிளவு ஆகியவற்றின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். டயாட்டம்களுக்குப் பெயரிடும் இயல் முழுவதும் இந்த ஓட்டின் மீதுதான் நிற்கிறது.

துருவப் பகுதியில் நன்னீர் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். அண்டார்க்டிகாவின் நிலப்பரப்பில் மிகச் சிறிய பகுதியே பனி மூடாதது. அந்தச் சிறு பகுதிகளில் ஏரிகளும் ஓடைகளும் ஈர மண்ணும் உள்ளன. மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் ஓடைகள் கோடையில் சில வாரங்கள் மட்டுமே ஓடுகின்றன. ஆண்டின் மற்ற நாட்களில் அவற்றின் படுகையில் உள்ள பாசிப்படலம் உறைந்து காய்ந்து கிடக்கும். தண்ணீர் வந்ததும் மீண்டும் உயிர்ப்பு பெறும். அந்தப் படலத்துக்குள் வாழும் டயாட்டம்களைத்தான் நாம் இங்கே பேசுகிறோம். இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989-ல் அமைக்கப்பட்ட ஷிர்மாக்கர் பாலைச்சோலையில் நன்னீர் ஏரிகள் ஏராளம். 2012-ல் திறக்கப்பட்ட பாரதி நிலையம் இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளிலும் அப்படியே. நம் மாவட்டத்தார் ஒரு செய்தியை நிலப்படத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்: குமரி முனையின் தீர்க்கரேகை ஏறத்தாழ கிழக்கு 77.5 பாகை, பாரதி நிலையத்தின் தீர்க்கரேகை கிழக்கு 76 பாகைக்குச் சற்று அதிகம். முக்கடல் கூடும் பாறையில் நின்று நேர் தெற்கே நோக்கினால், இடையில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்னும் இரு சிறு பிரெஞ்சுத் தீவுகளைத் தவிர வேறு நிலமே குறுக்கிடாமல், நம் நாட்டின் அந்த நிலையத்துக்கு அருகில்தான் பார்வை சென்று முடியும். அந்த ஆம்ஸ்டர்டாம் தீவில், எரிமலைக் குழம்பு ஓடி உண்டாக்கிய குகை ஒன்றிலிருந்து மிகச் சிறிய டயாட்டம்களில் புதிய இனங்களை 2013-ல் விவரித்திருக்கிறார்கள். லார்ஸ்மன் குன்றுகளின் ஏரியடி டயாட்டம்களைப் பற்றி பெல்ஜிய ஆய்வாளர் கூன் சாபே தலைமையிலான குழுவின் விரிவான ஆய்வு 2003-லேயே வெளிவந்துவிட்டது.

இந்தத் தேடலின் வரலாற்றில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1897 முதல் 1899 வரை அண்டார்க்டிகாவுக்கு நடந்த பெல்ஜிகா கப்பற்பயணம் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்து ஆன்ட்வெர்ப் நகரத்து ஹென்றி வான் ஹியுர்க் எழுதிய நூல் 1909-ல் வெளியானது. ஷாக்கிள்டன் நிம்ராட் என்னும் கப்பலில் மேற்கொண்ட அண்டார்க்டிகப் பயணத்தில் உயிரியலாளராகச் சென்ற ஜேம்ஸ் மர்ரே சேகரித்தவற்றைக் கொண்டு வெஸ்ட் என்னும் தந்தையும் மகனும் 1911-ல் எழுதினார்கள். இவர்கள் சில இனங்கள் புதியவை என்று கண்டு பெயரிட்டார்கள். அந்தப் பெயர்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த பல பதிற்றாண்டுகளில் அண்டார்க்டிகாவிலிருந்து வந்த பட்டியல்களை எடுத்துப் பார்த்தால், ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ள இனங்களின் பெயர்களே மிகுதியாக இருக்கும். காரணம் எளிது. அடையாளம் காணக் கையில் இருந்த நூல்கள் ஐரோப்பாவைப் பற்றியவை. கண்ணில் பட்ட ஓடு நூலில் உள்ள படத்தோடு ஏறத்தாழ ஒத்திருந்தால் அந்தப் பெயரே எழுதப்பட்டது. நுண்ணுயிர்கள் காற்றிலும் பறவைகளின் காலிலும் ஏறி எங்கும் பரவுகின்றன, ஆகவே எங்கும் ஒரே இனங்களே இருக்கும், சூழலே எது தழைக்கும் என்று தேர்ந்தெடுக்கிறது என்னும் கருத்தை டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934-ல் முன்வைத்தது இந்த வழக்கத்துக்கு வலுவூட்டியது. எங்கும் ஒரே இனம் என்று நம்பினால் எங்கும் ஒரே பெயர் போதும். எல்லாப் பட்டியலிலும் ஒரே பெயர் வந்தால் அந்த நம்பிக்கையும் மெய்யென்றே தோன்றும். இந்தச் சுற்றிலிருந்து வெளிவர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

லூட்டிகோலா என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய பல இனங்களின் தொகுதியை, எடுத்துக்கொள்வோம். இதன் இனங்கள் முன்பு நவிகுலா என்னும் மிகப் பெரிய பேரினத்துக்குள் இருந்தன, 1990-ல் டயாட்டம் ஆய்வாளர் டி. ஜி. மான் இவற்றைத் தனியே பிரித்தார். ஓட்டின் நடுப்பகுதியில் வெறுமையான ஓர் இடமும், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் தனித்து நிற்கும் ஒரு நுண்துளையும் இதற்கு அடையாளம். ஈர மண், மாஸ் தாவரம், வற்றி நிறையும் ஓடை போன்ற இடங்களில் வாழ்வதால் அண்டார்க்டிகாவில் இது மிகப் பரவலானது. அங்கிருந்து வந்த பழைய பட்டியல்களில் இவற்றுக்கு இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பெல்ஜியத்தின் பார்ட் வான் டி வைவர் முதலானோர் பழைய பயணங்களின் மூல ஸ்லைடுகளையே காப்பகங்களிலிருந்து எடுத்து, புதிய மாதிரிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தொடங்கியபோதுதான், அந்த இரண்டு மூன்று பெயர்களுக்குள் எத்தனை இனங்கள் அடைந்து கிடந்தன என்பது தெரியவந்தது. மெக்மர்டோ பகுதியை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் 2015-ல் இந்தப் பேரினத்தில் நான்கு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 2021-ல் வெளியான ஆய்வொன்று அண்டார்க்டிக் வட்டாரத்தின் நானூறுக்கும் மேற்பட்ட ஏரிகளின் டயாட்டம்களை ஒரே அளவுகோலில் மறுபரிசீலனை செய்து, இனங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை என்று மதிப்பிட்டது. எங்கும் உள்ளவை என்று எழுதப்பட்டவை அங்கு மட்டுமே உள்ளவையாக இருந்திருக்கின்றன. என் வாழ்நாளில் பாசியியல் கண்ட பெரிய திருத்தங்களுள் இதுவும் ஒன்று என்று கருதுகிறேன்.

இனி, ஒரு புதிய இனத்தை விவரிப்பது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஓடைக் கல்லின் மேற்பரப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டில் வழித்து எடுப்பது இன்றும் உலகெங்கும் உள்ள முறை. துருவத்தில் ஏரியடியின் பாசிப்படலம், மாஸ் தாவரத்தின் ஒரு சிறு கொத்து ஆகியவற்றையும் எடுப்பார்கள். அங்கே எதையும் மனம்போல் எடுத்துவிட முடியாது. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறையும், அதை ஒட்டி இந்தியா 2022-ல் இயற்றிய அண்டார்க்டிக் சட்டமும் அனுமதி முறைகளை வகுத்திருக்கின்றன. ஆய்வகத்தில் மாதிரியை ஹைட்ரஜன் பெராக்சைடிலோ அமிலத்திலோ இட்டுச் சூடாக்குவார்கள். நுரைத்துப் பொங்கும் பழுப்புக் கலவை மெல்ல வெளுத்து, உயிர்ப்பொருள் எல்லாம் எரிந்துபோய், அடியில் வெண்மையாக ஒரு வண்டல் மட்டும் தங்கும். அந்த வண்டல் முழுவதும் சிலிக்கா ஓடுகள். வாலைவடிநீரால் பலமுறை கழுவித் தெளிய வைத்து, ஒரு சொட்டை கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டில் காயவிட்டு, ஒளிவிலகல் எண் மிகுந்த பிசின் ஒன்றில் நிரந்தரமாகப் பதிப்பார்கள். அந்தப் பிசின் இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் கண்ணாடி தெரியாது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, எண்ணெய் விட்ட லென்ஸின் கீழ் பார்க்கும்போது, 10 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள் எத்தனை வரிகள் என்று எண்ண வேண்டும். நுண்திருகை மயிரிழை அளவு திருப்பினால் வரிகள் தெளிந்து வரும். இன்னும் சற்றுத் திருப்பினால் மறைந்துவிடும். ஒளி நுண்ணோக்கியின் எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர். வரிகளுக்குள் இருக்கும் துளைகளின் வடிவத்தையும், பிளவின் முனை எந்தப் பக்கம் வளைகிறது என்பதையும் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

இதில் மிகவும் சிக்கலானது அளவு. டயாட்டம் இரண்டாகப் பிரியும்போது, தாயின் மூடி ஒரு மகளுக்கும் அடிப்பாகம் இன்னொரு மகளுக்கும் போகும். இரண்டு மகள்களும் தமக்கு வந்ததையே மூடியாக வைத்துக்கொண்டு அதற்குள் பொருந்தும் புதிய அடிப்பாகத்தைச் செய்துகொள்ளும். ஆகவே ஒரு மகள் தாயின் அளவிலேயே இருக்க, மற்றவள் சற்றுச் சிறுத்துவிடுவாள். தலைமுறை தலைமுறையாக இது தொடர, கூட்டத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே வரும். மெக்டொனால்டும் ஃபிட்சரும் 1869-ல் தனித்தனியே கண்டு சொன்ன உண்மை இது. அளவு குறையும்போது வடிவமும் மாறும் என்பதுதான் வம்பு: நீண்டு கூர்மையாக இருந்த ஓடு, சிறுக்கச் சிறுக்க நீள்வட்டமாகவும் முனை மழுங்கியதாகவும் ஆகிவிடும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் பாலினப் பெருக்கம் நிகழ்ந்து, ஆக்ஸோஸ்போர் என்னும் ஓடற்ற செல் உண்டாகி வீங்கி, பழைய பேரளவு மீட்கப்படும். எனவே ஒரே ஓட்டைப் பார்த்துவிட்டு இது புதியது என்று எவரும் சொல்லிவிட முடியாது. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியது வரை முழு வரிசையையும் திரட்டிப் படத்தில் அடுக்கிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாததால் ஒரே இனத்தின் பெரியதற்கு ஒரு பெயரும் சிறியதற்கு இன்னொரு பெயருமாக இரண்டு பெயர்கள் வைக்கப்பட்ட கதைகளும் உண்டு. நல்ல விவரிப்புக் கட்டுரையில் முதலில் நான் தேடுவது இந்த வரிசைப் படத்தைத்தான்.

ஆக்ஸோஸ்போர் என்று சொல்லும்போது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. ஐயங்காரும் ஆர். சுப்பிரமணியனும் சைக்ளோடெல்லா மெனெகினியானா என்னும் வட்ட வடிவ டயாட்டத்தில் குன்றல் பகுப்பும் (பாலினப் பெருக்கத்துக்காகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) ஆக்ஸோஸ்போர் உருவாக்கமும் நிகழும் விதத்தை 1944-ல் ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு முன்பே, 1939-ல், ஜி. வெங்கட்ராமன் தென்னிந்திய டயாட்டம்களைப் பற்றி முறையான ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். சுப்பிரமணியன் 1946-ல் சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டம்களை விவரித்தார். தேசிகாச்சாரி பின்னர் டயாட்டம்களுக்குப் படத்தொகுதிகளே கொண்டுவந்தார். வடக்கே எச். பி. காந்தி, கோலாப்பூரிலும் ஜோக் அருவியிலும் குஜராத்திலும் சேகரித்து, கையால் வரைந்த படங்களோடு ஏராளமான புதிய டயாட்டம்களுக்குப் பெயரிட்டார். இவர்கள் எவரும் ஐரோப்பிய நூலில் உள்ள பெயரோடு நின்றுவிடவில்லை. வேறுபாடு கண்ட இடத்தில் அதை எழுதி வைத்தார்கள். காந்தி விவரித்த கோலாப்பூர் கோம்போனீமா இனங்களைப் புதிதாக ஆராய்ந்து அவற்றின் பெயர்களை உறுதிப்படுத்தும் வேலை 2012-ல் நடந்தது. புணேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் டயாட்டம்கள் குறித்த பணி இன்றும் தொடர்கிறது. மரபு அறுந்துவிடவில்லை. ஆனால் அந்த மலைத்தொடரின் தென்முனையாகிய நம் மாவட்டத்தில் அது வேர் பிடிக்கவில்லை என்பதே என் கவலை.

விவரிப்பின் கடைசிப் படியையும் சொல்லிவிடுகிறேன். பாசிகளுக்கும் தாவரங்களுக்கும் பூஞ்சைகளுக்கும் பொதுவான பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன்படி, 1958 முதல் பாசிக்கு வைக்கும் புதிய பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் படம் கட்டாயம்; எந்த மாதிரியைக் கொண்டு பெயர் வைக்கப்பட்டதோ அந்த மூலமாதிரியைச் சுட்டுவதும் கட்டாயம். விவரிப்பு லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் தளர்ந்து, ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாகிவிட்டது. மூலமாதிரி என்பது பெரும்பாலும் ஒரு ஸ்லைடு. அதில் ஆயிரக்கணக்கான ஓடுகள் கிடக்கும். அவற்றுள் குறிப்பிட்ட ஒன்றைச் சுற்றிக் கண்ணாடியின் மீது சிறு வட்டம் கீறி வைப்பார்கள். நூறு ஆண்டு கழித்து வரும் ஒருவர் அதே ஸ்லைடை எடுத்து, அதே வட்டத்துக்குள், அதே ஓட்டைப் பார்த்து, முன்னவர் சொன்னது சரிதானா என்று சோதிக்க முடியும். வான் ஹியுர்க்கின் பழைய மாதிரிகள் காப்பகத்தில் இருந்ததால்தான் அண்டார்க்டிகாவின் லூட்டிகோலா குழப்பத்தை அவிழ்க்க முடிந்தது. இப்போது மரபணு வரிசையையும் சேர்க்கிறார்கள். பின்னுலேரியா போரியாலிஸ் என்று 1843-ல் எஹ்ரன்பெர்க் பெயரிட்ட, துருவம் முதல் வெப்பநாடு வரை எல்லா இடத்திலும் இருப்பதாகக் கருதப்பட்ட மண்வாழ் டயாட்டம், மரபணு ஆய்வில் ஏராளமான தனிக் கிளைவழிகளாகப் பிரிந்து நிற்பது 2020-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஐயங்கார் ஆராய்ந்த சைக்ளோடெல்லா மெனெகினியானாவும் இன்று ஒரே இனமாகக் கருதப்படுவதில்லை. ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் பல இனங்களின் தொகுதி அது.

பெயர் சரியாக இருந்தால் என்ன, தவறாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தைக் காட்டலாம். டிடிமோஸ்பீனியா ஜெமினேட்டா என்னும் நன்னீர் டயாட்டம் அங்கு 2004-ல் முதன்முதலில் தென்தீவின் ஓர் ஆற்றில் காணப்பட்டது. ஆற்றுப்படுகையின் கற்களைப் பஞ்சுப்பொதியாக மூடிவிடும் அது, மீன்பிடிப்போரின் ஈரக் காலணி வழியாகவும் கருவிகள் வழியாகவும் பிற ஆறுகளுக்குப் பரவியது. அங்கிருந்தவை எவை என்ற பட்டியல் முன்பே தெளிவாக இருந்தால்தான் வந்தேறி எது என்று காலத்தில் சொல்ல முடியும். அண்டார்க்டிகாவுக்குச் செல்வோர் காலணிகளைக் கழுவித் துடைத்து இறங்குவதற்கும் இதே அச்சம்தான் காரணம்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றன. நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த நீர்நிலைகளைப் பற்றி எழுதப்படுவனவெல்லாம் பெரும்பாலும் பறவைகளைப் பற்றியவை. பறவைகள் அங்கு வருவதற்குக் காரணமான உணவுச்சங்கிலியின் முதற்கண்ணி பாசிகள் என்பது பேச்சில் வருவதே இல்லை. சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தந்து மணக்குடிக் கழிமுகத்தில் சேரும் பழையாறு, மலையடிவாரத்தில் தெளிந்த நீராகவும் நாகர்கோவிலைத் தாண்டும்போது கழிவுநீர் கலந்ததாகவும் கடைசியில் உவர்நீராகவும் மாறுகிறது. இத்தனை குறுகிய தூரத்தில் இத்தனை வகை நீர் கிடைக்கும் ஆறு டயாட்டம் ஆய்வுக்குக் கிடைத்தற்கரியது. கோதையாற்றின் பாறைகள், பேச்சிப்பாறை அணையின் ஓரம், திற்பரப்பில் எந்நேரமும் சாரல் படும் கற்சுவர் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வாழிடம்.

மாணவர் ஆய்வேடுகள் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. குளங்களின் பாசிகளைப் பற்றியவையும் அவற்றுள் உண்டு. என் பார்வைக்கு வந்த பெரும்பாலானவற்றில் டயாட்டம்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும், ஸ்லைடு இருக்காது. படம் இருந்தாலும் அளவுகோல் இருக்காது. அமிலத்தில் சுத்தம் செய்யாத, உயிருள்ள செல்லையே நானூறு மடங்கில் பார்த்துப் பெயர் எழுதியிருப்பார்கள். அந்த நிலையில் பேரினத்தைச் சொல்லலாமே தவிர இனத்தைச் சொல்ல இயலாது. அதனால் நிட்ஸ்கியா பாலியா, நவிகுலா கிரிப்டோசெஃபாலா போன்ற ஐரோப்பியப் பெயர்கள் ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு இடம்பெயர்கின்றன. அண்டார்க்டிகாவை முக்கால் நூற்றாண்டு மறைத்து வைத்த அதே வழக்கம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. மாணவர்களை நான் குறை சொல்லவில்லை; அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட நூலும் கருவியும் அவ்வளவுதான்.

இதன் விளைவு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆற்றுநீரின் தரத்தை டயாட்டம்களைக் கொண்டு மதிப்பிடும் முறை ஐரோப்பிய நாடுகளில் அரசு நடைமுறையாகவே இருக்கிறது. எந்த இனம் எவ்வளவு மாசைத் தாங்கும் என்ற அட்டவணை அதற்கு அடிப்படை. இங்குள்ள வேறோர் இனத்துக்கு அங்குள்ள பெயரைச் சூட்டி, அந்த அட்டவணையைப் பழையாற்றுக்குப் பொருத்தினால், கெட்ட நீர் நல்ல நீராகவும் நல்ல நீர் கெட்ட நீராகவும் கணக்கில் வரும். நீரில் மூழ்கி இறந்தவர்களின் எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் இருக்கிறதா என்று தடயவியலார் பார்ப்பது பலரும் அறிந்தது. உயிரோடு இருக்கையில் நீரை உள்ளிழுத்தால்தான் அவை இரத்தத்தின் வழியே மஜ்ஜை வரை செல்லும் என்பது அந்தச் சோதனையின் அடிப்படை. எந்த நீர்நிலையில் இறப்பு நேர்ந்தது என்று ஒப்பிட வேண்டுமானால் அந்தந்த நீர்நிலையின் டயாட்டம் பதிவு முன்பே கையில் இருக்க வேண்டும். ஆறும் அணையும் குளமும் கடலும் நெருங்கிக் கிடக்கும் நம் மாவட்டத்தில் இந்தப் பதிவின் பயனை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க முடியாது. வெளியே கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம். சுத்தம் செய்த வண்டலை ஒரு சிறு குப்பியிலும், நிரந்தர ஸ்லைடுகளை ஒரு மரப்பெட்டியிலும் வைத்துக் காப்பதற்கு அலமாரியில் ஒரு தட்டு போதும். ஒவ்வொரு ஸ்லைடிலும் இடம், நாள், நீரின் அமில காரத் தன்மை, எடுத்தது கல்லிலிருந்தா சேற்றிலிருந்தா செடியின் தண்டிலிருந்தா என்பன எழுதியிருக்க வேண்டும். துறைத் தலைவர் மாறும்போது இந்தப் பெட்டி பழைய பொருட்களோடு வெளியே போய்விடாமல், கல்லூரி நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். நல்ல சேகரிப்புகள் இப்படித்தான் தொலைகின்றன என்பதைப் பல துறைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஸ்லைடின் ஒரு பிரதியை வெளியே ஒரு தேசிய நிலையத்தின் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும். பெயர் உறுதியாகாத இனங்களுக்குப் பேரினப் பெயரோடு ஓர் எண்ணை மட்டும் இட்டு, அளவுகோலுடன் கூடிய படங்களை வரிசையாக வெளியிடலாம். தவறான பெயரைக் காட்டிலும் அது அறிவியலுக்குப் பல மடங்கு பயன் தரும்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, புதிய இனம் எதோடு ஒப்பிட்டுப் பிரித்தறியப்பட்டது, மூலமாதிரி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்ற இரண்டு விவரங்களையாவது சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அவற்றைப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு, தன் ஊர்க் குளத்துக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்று தோன்றக்கூடும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குளத்தின் டயாட்டம் கூட்டம் மாறும். ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. தாவரவியல் துறை உள்ள கல்லூரிகள் தமக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டு, சுசீந்திரம், தேரூர், வேம்பனூர், பழையாற்றின் மேல் பகுதி, மணக்குடி ஆகியவற்றில் ஐப்பசி மழை வலுக்கும் முன் ஒரு முறையும், மழை ஓய்ந்து நீர் தெளிந்த பின் தை மாதத்தில் ஒரு முறையும், கோடையில் நீர் வற்றிய நிலையில் ஒரு முறையும் கற்களைத் தேய்த்து மாதிரி எடுத்து வைக்கட்டும். ஸ்லைடு செய்யும் முறையைக் கற்றுக்கொடுக்க அழைத்தால், எந்தக் கல்லூரிக்கும் என் செலவில் வந்து மாணவர்களோடு உட்கார நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.